வண்டி நின்ற இடம்

பாலக்கரை, திருச்சி

அன்பு மகன் ஜைத்துக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பளவில் இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். மனசைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் ஷாஜியாவும் அங்கே நல்லபடியாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் இதையெல்லாம் பேசினால் உன் அத்தா காதில் விழும், அதனால் உன் கூட்டாளி பாசில் தோஹாவுக்குத் திரும்பும்போது அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

வையம்பட்டி கபடிப் போட்டிக்கு நம் ஆம்புலன்ஸ் போனதும், அங்கே ஒரு பையன் இறந்துபோனதும் உனக்குத் தெரியும். மற்றதை நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. பையன் பெயர் சுரேஷ்குமார், உன்னைவிடச் சின்னவன். பாடிப் போனவனை எதிரணிக்காரர்கள் சேர்ந்து அமுக்கியிருக்கிறார்கள், இழுத்துக்கொண்டே வந்து கோட்டைத் தொட்டு எழுந்து கையைத் தூக்கினவன் அப்படியே சரிந்துவிட்டான். நம் வண்டியைக் கமிட்டிக்காரர்கள் மேடைக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தார்கள், அதற்கு முன்னால் விருந்தாளிகளின் கார்கள், அதைச் சுற்றி பைக்குகள். உன் அத்தா ஹாரனை அழுத்திப் பிடித்தும் வழி கிடைக்கவில்லை, கூடப் போகிற ரெங்கராஜ் இறங்கி ஒவ்வொரு பைக்காகத் தூக்கி நகர்த்தியிருக்கிறான். ஒருவழியாக ஏற்றிக்கொண்டு கிளம்பியும் மணப்பாறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

மறுவாரமே கமிட்டிக்காரர்கள் வண்டியில் ஆக்ஸிஜனே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். பையனின் அம்மா வீராயி நம் வாசலுக்கே வந்து நின்று, “ஒங்க வண்டியில காத்து இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்” என்று சொன்னது. சத்தம் போடவில்லை ஜைத், சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து உன் அத்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒருநாள் எடமலைப்பட்டி புதூருக்கு உன் மாமி வீட்டுக்குப் போகும்போது ஆம்புலன்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், திடீரென்று, “கொஞ்சம் பொறுத்துக்கப்பா, வந்துட்டோம்” என்றார். என்னிடம் சொல்லவில்லை, பின்பக்கம் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வந்தார்கள், ஒரு பெண் டாக்டரும் ஆர்டிஓ ஆபீஸ்காரர் ஒருவரும். சிலிண்டரைத் திறந்து பார்த்தார்கள், இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற மெஷினைப் போட்டுப் பார்த்தார்கள், மருந்தெல்லாம் தேதி தாண்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள், ரெங்கராஜ் படித்த சர்டிபிகேட் கேட்டார்கள். நான் டீ டம்ளர்களோடு நிலைப்படியிலேயே நின்றேன். கடைசியில் அந்த டாக்டர், “எல்லாம் ஒழுங்கா இருக்கு பாய், உங்க மேல ஒரு குறையும் இல்ல” என்றார். உன் அத்தா என்ன சொன்னார் தெரியுமா, “இன்னொரு தடவ பாருங்க மேடம், ஏதாவது ஒண்ணு கெட்டுத்தான் இருக்கும்” என்று கெஞ்சினார். குற்றமில்லை என்று சொன்ன பிறகு ஒரு மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அந்த டாக்டர், “வண்டி எங்க நின்னுச்சு?” என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அத்தாவைக் கூட்டிக்கொண்டு வையம்பட்டிக்கே போய் அந்த இடத்தைப் பார்த்தார். இனி ஆம்புலன்ஸ் வெளியேற வழி விடாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது என்று கமிட்டிக்காரர்களை நிற்க வைத்துச் சொல்லியிருக்கிறார்.

இதை வீராயியிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். “வேணாம் புள்ள, அந்தம்மாவுக்கு கோபப்பட ஒரு ஆள் வேணும், அது நானாவே இருந்துட்டுப் போறேன்” என்று மறுத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, அவருக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டேன். நான் எழுந்திருக்கும்போது வீராயி, “கடைசியா எம்புள்ள ஏதாச்சும் பேசுனானா, ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமாங்க?” என்று கேட்டது. வீட்டுக்கு வந்து அத்தாவிடம் கேட்டேன். என்னைத் திட்டவில்லை. “பாயிண்ட் குடுத்துட்டாங்களா பாய்னு கேட்டான். குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். அங்க ஆட்டமே நின்னு போச்சு, யாரு குடுத்தா” என்றார். மறுநாள் அவரே போய், சொன்ன பொய்யையும் சேர்த்து அந்த அம்மாவிடம் சொன்னார். வீராயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, “நல்லதாச் சொன்னீங்க” என்றது, அவ்வளவுதான்.

போன ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் ஒரு போட்டி. போகமாட்டேன் என்றவரை நானும் கூட வருகிறேன் என்று கிளப்பினேன். பார்த்தால் அங்கே வீராயி, பஸ்ஸில் வந்திருக்கிறது, யார் சொன்னார்களோ தெரியாது. வண்டிக்கு முன்னால் வழியை அடைத்து யாரும் வராதபடி வெயிலில் நின்றது. பெரிய கார் ஒன்று அங்கே வந்து நிற்கப் பார்த்தது. “இது ஆம்புலன்ஸ் போற வழி, எடுங்க” என்று நகராமல் நின்றது, டிரைவர் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்துவிட்டுப் பின்னால் எடுத்தான். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் விடுகிறோம் என்றதும் முன்சீட்டு வேண்டாமென்று பின்னால் ஏறி, காலியாகக் கிடந்த ஸ்ட்ரெச்சர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தது. அத்தா சைரன் போடாமல், மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார், உள்ளே ஆள் படுத்திருக்கிற மாதிரி. இன்னும் அவருக்கு அந்தப் பையனின் குரல் கேட்கிறது என்றுதான் நினைக்கிறேன், நான் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. ஷாஜியாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீ வெள்ளிக்கிழமைகளில் பந்து விளையாடப் போகிறாயாமே, போகாதே என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே காரை நிறுத்திவிட்டு இறங்கியதும் ஒருதரம் திரும்பிப் பார், உனக்குப் பின்னால் ஒரு வண்டி போக வழி இருக்கிறதா என்று.

துஆவுடன்,
உன் அம்மா
ஷரபுன்னிசா