எட்டாம் நாள் ரொட்டி

கொய்யா இலைச் சாறு கருகினால் வரும் வாடை இன்று மெஷின் பக்கம் அடித்தது. புதிதாக வந்த ஆபரேட்டர் சூட்டைக் கூட்டியிருந்தார். ஓடிப்போய்க் குறைத்தேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் லேபுக்குள் வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்த நாளாக நாம் இருவரும் சேர்ந்து செய்த உருப்படியான காரியம் இந்த உறை ஒன்றுதான். மரவள்ளி மாவில் செய்தது. மண்ணில் போட்டால் மக்கிவிடும். கொய்யா இலைச் சாறு கலந்திருப்பதால் உள்ளே வைத்த ரொட்டியில் சீக்கிரம் பூசணம் பிடிக்காது. நீ லேபில் சாறு கலந்து கொடுப்பாய், நான் அதை மெஷினில் மெல்லிய தாளாக ஊதி ரோலாகச் சுற்றி எடுப்பேன். ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூட்டையும் வேகத்தையும் ஏற்றி ரோலை முடிக்கிற புத்தி எங்கள் எல்லோருக்கும் உண்டு. "பஸ்ஸு போனா போவுது, சூட்ட ஏத்தாதடி. எலையோட சத்து செத்துடும்" என்று கத்திக்கொண்டே இருப்பாய். ரொட்டி பத்து நாள் தாங்கினால்தான் பேக்கரிக்காரர் நம் உறையை எடுத்துக்கொள்வார். உனக்கு அதே கவலை.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ஆறு மணிக்குள் போனால்தான் பார்க்க விடுவார்கள் என்றார்கள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் சூட்டை ஏற்றினேன். மறுநாள் அந்த ரோலில்தான் ரொட்டியைச் சுற்றிச் சோதனைக்கு வைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

தினமும் காலையில் போன் செய்து கேட்பாய். எட்டாம் நாள் ரொட்டியின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. அன்று உன் குரல் ரொம்ப இறங்கியிருந்தது.

"இன்னாடி, பூசணம் புடிச்சிகீதா?"

"இல்ல. பளிச்சுனு கீது."

"அப்ப பத்து நாள் தாங்கும். நான் வந்து ரிப்போர்ட் எழுதறேன்."

மறுநாள் காலை உன் நம்பரிலிருந்து பேசியது உன் வீட்டுக்காரர்.

இன்று மேனேஜர் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டார். பத்து நாள் என்று எழுதினால் உன் ஆசை நிறைவேறும். யார் வீட்டுப் பிள்ளையோ பூசண ரொட்டியைத் தின்னும். ஏழு நாள் என்று எழுதினேன். சூட்டை ஏற்றியது என் தப்பு என்றும் சொன்னேன். பேக்கரிக்காரர் இன்னொரு தடவை பார்க்கமாட்டார் என்று மேனேஜர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

அவரிடம் சொன்ன உண்மையை உன்னிடம் சொல்ல எனக்கு வழியில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் படுக்கையிலிருந்தே என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். நீ கடைசியாகத் திட்டியது என்று அதுவாவது எனக்கு மிஞ்சியிருக்கும். இப்போது என்னிடம் இருப்பது, நீ நம்பிவிட்டுப் போன பொய்தான்.