முன்பக்கம் கட்டிய கொடி

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் நான் வாயைத் திறந்தாலே "சரி சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "என்னம்மா இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்றார். இத்தனை நாள் அவருக்குக் கண் மங்கியிருந்ததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் காட்ட வேண்டுமென்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி, போனில் நீங்கள் பாதியில் நிறுத்திய விஷயம். ஆய்வகத்தில் நம் புரதத்துக்குக் கொடியை இந்தத் தடவை பின்பக்கம் கட்டிப் பார்த்தேன். உங்களுக்கே பாடம் எடுக்கிறேன் என்று கோபம் வரும். வரட்டும். செல்லுக்குள் உருவாகும் புரதம் வெளியே போகிற வழியில் நம் என்சைம் உட்கார்ந்துகொண்டு ஒரு துண்டை நறுக்கிவிடுகிறது. நறுக்கிய துண்டு உள்ளேயே அழிந்துபோகும், மீதிதான் வெளியே வரும். அது பின்பக்கம்தான் நறுக்கும் என்பது உங்கள் பிடிவாதம். அதனால் கொடி என்று நாம் சொல்லும் அந்த அடையாளத் துண்டை முன்பக்கம் கட்டினீர்கள். செல்லுக்கு வெளியே இருந்த திரவத்தில் கொடியைத் தேடினீர்கள், இல்லை. உடனே இந்தப் புரதம் வெளியே வருவதே இல்லை என்று எழுதி, அச்சிலும் ஏற்றி, அந்தப் பெருமையில் விமானமும் ஏறிவிட்டீர்கள்.

பின்பக்கம் கட்டிய என் கொடி வெளித் திரவத்தில் நிறையவே இருக்கிறது. அந்த என்சைம் முன்பக்கத்தை அல்லவா நறுக்குகிறது! உங்கள் கொடி உள்ளேயே அறுந்து அழிந்துபோக, புரதம் பாட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆயுசெல்லாம் இந்த என்சைம் கத்தரிக்கோலைப் பற்றியே படித்தவர், அது வெட்டுகிற இடத்திலேயே கொண்டுபோய் முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். வேறு யாராவது செய்திருந்தால் நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

சிரிக்க முடியாதது ‘டபுள்’ என்கிற பெண்ணின் கதை. எதையும் இரண்டு தடவை அளக்கிற அந்த ஆராய்ச்சி மாணவிக்கு அப்படிப் பெயர் வைத்ததே நீங்கள்தான். அவள் கொடியை நம்பாமல், புரதத்தின் பின்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை வைத்துத் தேடிவிட்டு, "சார், வெளிய நிறைய இருக்கு சார்" என்று வந்து நின்றாள். செல்களைச் சாகடித்து உள்ளே இருந்ததைக் கசியவிட்டிருக்கிறாள், கையில் சுத்தமில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். துறைத் தலைவரிடமும் போய் அதையே சொன்னீர்கள். அவளை அனுப்பிவிட்டார்கள். இப்போது என் செல்கள் சாகவில்லை. அதையும் அவளைப் போலவே இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

போன வாரம் அவளைத் தேடிப் போனேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கையுறையைக் கூடக் கழற்றாமல் வெளியே வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அழுவாள் என்று நினைத்தேன். "நான் சுத்தமாத்தான் மேடம் செஞ்சேன்" என்று மட்டும் சொன்னாள். ஊசி குத்தும்போது யாராவது பக்கத்தில் வந்து நின்றால் இப்போதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையுறையை மாற்றிக்கொள்கிறாளாம். அந்த நிமிஷம் உங்கள் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

போனில் நீங்கள் சொன்னது, அங்கே உங்கள் வேலை நிரந்தரமாகிற வரை மூச்சு விடாதே என்பது. "நீ என் பொண்டாட்டியா, எதிர்க்கட்சியா?" என்று வேறு கேட்டீர்கள். தப்பு யாருக்கும் வரும். தெரிந்த பிறகும் அவள் கை அழுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்த மாதம் துறைக் கூட்டத்தில் என் முறை வருகிறது. இந்தச் சோதனையின் படங்களைக் காட்டித்தான் ஆக வேண்டும். அதற்குள் உங்கள் கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கும் துறைத் தலைவருக்கும் நீங்கள் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பெண்ணுக்கு எழுதுங்கள். அதனால் வேலை போனாலும் நாம் ஒன்றும் நடுத்தெருவில் நிற்கப் போவதில்லை.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிட வேண்டும் என்றுதான் இன்னமும் ஆசைப்படுகிறேன். அந்தக் கடிதங்களை நான் எழுதும்படி ஆகிவிட்டால், அதற்கப்புறம் அங்கே வந்து உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்களே எழுதிவிடுங்கள்.

உங்கள் பதிலையே பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி