செய்யாததை ஒப்புக்கொள்ளாத தம்பிக்கு

என் அருமைத் தம்பி தாசு,

1. நான் சாமுவேல். ஆசீர்வாதத்தின் மூத்த மகன். உனக்கு ஒரே அண்ணன். கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன்.

2. நீ கைதான நாள் முதல் உன் வழக்கை நடத்தியவன் நானே. ஆகவே இதில் உள்ளவற்றை நேரில் அறிந்தவன்.

3. இதை யாருடைய தூண்டுதலும் இன்றி, தெளிந்த மனத்துடன் எழுதுகிறேன். தெளிந்த மனம் என்பதை மட்டும் நீ அடித்துவிட்டு வாசித்துக்கொள்.

நேற்று உன் இறப்புச் சான்றிதழை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். குற்றம் சாட்டப்பட்ட மூன்றாம் எதிரி இறந்துவிட்டதால் அவர்மீதான வழக்கு அற்றுப்போனது என்று ஒரு வரி பதிந்தார்கள். அவ்வளவுதான். நீ குற்றவாளி என்றும் எழுதவில்லை. நிரபராதி என்றும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து உன் மனைவி ரூத்திடம் சொன்னேன்.

"அப்ப, அவரு மரத்த வெட்டலேன்னு எழுதலீங்களா மாமா?"

"செத்தவங்க மேல கேசு நடத்த முடியாதும்மா."

"செத்தா விட்டுடுவாங்கன்னா, உயிரோட இருக்கச்சொல்ல ஏன் விடல?"

நீதிமன்றம் எழுதாமல் விட்டதை நானே எழுதுவது என்று முடிவு செய்தேன். நீ அறிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களும் அறியவேண்டும்.

நீ கைதானது, இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில். அந்தக் கோரிக்கை நியாயமா என்பது இங்கே கேள்வி அல்ல. அதில் நாம் எந்தத் தரப்பும் அல்ல. நம் சபையின் அறுப்புப் பண்டிகைப் பந்தலுக்கு ஆண்டுதோறும் மலையிலுள்ள கரியாலூர் சின்னானின் நிலத்திலிருந்து மூங்கில் வெட்டிவருவது உன் பொறுப்பு. மறியல் தொடங்குவதற்கு முந்தைய நாள் மலையேறினாய். மறுநாள் பேருந்தும் இல்லை, மூங்கில் ஏற்ற வண்டியும் இல்லை. வெட்டியதை அங்கேயே விட்டுவிட்டு, தோளில் கோடாலியோடு நடந்தே இறங்கினாய்.

அடிவாரச் சாலையில் மறியல்காரர்கள் சாய்த்த ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டும்போது காவலர்கள் உன்னைப் பிடித்தார்கள். மரம் கிடந்தது, உன் கையில் கோடாலி இருந்தது. அவர்களுக்கு அது போதுமானதாயிற்று. அடிமரம் ரம்பத்தால் அறுபட்டிருந்ததை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

உன்னோடு பிடிபட்ட மற்றவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்ப முடிவெடுத்தார்கள். உன்னையும் அப்படியே மீட்டுவிட நினைத்தேன். நீதிமன்றத் தாழ்வாரத்தில் உன் காதருகே குனிந்து நான் பேசியது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

"ஒத்துக்கோடா. மத்தியானத்துக்குள்ள வூட்டுக்குப் போயிடலாம்."

"இன்னாண்ணா பேசற? வெட்டாத மரத்த வெட்டினேன்னு எப்படிச் சொல்றது?"

"ஒரு வார்த்ததானடா!"

"ஒரு வார்த்ததான். பொய்யி. ஆண்டவர் பாத்துக்குவாருண்ணா."

"ஆண்டவர் வந்து வக்காலத்து போட மாட்டாருடா."

"அதுக்குத்தான் ஒன்ன அனுப்பிக்கிறாரே."

பக்கத்திலிருந்த காவலர் சிரித்துவிட்டார். "வக்கீல் சார், தம்பி ஒங்களையே மடக்கிட்டாரு!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் பிடிவாதத்தின்மேல் அன்று எனக்குக் கோபம் மட்டுமே இருந்தது. ஜாமீன் மனு தள்ளுபடியாகி, உன்னைச் சிறைக்கு ஏற்றிப்போன வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நீ என்னைப் பார்த்துக் கையசைத்தாய். நான் கையசைத்தேனா?

சிறையில் உன்னைப் பார்த்தபோது உன் கண் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. "இப்பவும் பாத்துக்குவாருன்னு சொல்லுவியா?" என்று கேட்டேன். வக்கீல் கேட்கக்கூடாத கேள்வி அது, அண்ணனும் கேட்டிருக்கக்கூடாது. நீ கோபிக்கவில்லை.

"எனக்கும் கோவம் வருதுண்ணா. தெனமும் அவருகிட்ட சண்டதான் போட்டுக்கினு இருக்கேன். சண்ட போடறதுக்கு வேற யாரு இருக்கா?"

"பதில் வருதா?"

"வரல. ஆனா கேட்டுக்கினு இருக்காரு."

இனி எழுதப்போவதை நான் உயிரோடிருந்த உன்னிடம் சொல்லவில்லை. நீ சிறையிலிருந்தபோது சின்னான் மலையிலிருந்து இரண்டு முறை நடந்து என் அலுவலகத்துக்கு வந்தார். விடியுமுன்பே மரம் விழுந்துவிட்டதாகக் காவல்துறைப் பதிவே சொல்கிறது.

"ஜட்ஜு கிட்ட நான் சொல்றேங்க. விடியற வரைக்கும் தாசு எங்க வூட்டுலதான் படுத்திருந்தாரு" என்றார்.

"எத்தன மணிக்குக் கெளம்பினான்னு கேப்பாங்களே?"

"மணிக்கு நாங்க எங்கீங்க போறது? பொழுது கெளம்பினப்புறம்தான் போனாரு."

குறுக்கு விசாரணையில் இந்தச் சாட்சி நிற்காது என்று கருதினேன். அவரை நான் நம்பினேன், தாசு. பிறர் நம்புவார்களா என்பதில்தான் தயங்கினேன். இரண்டு முறையும் அவரைத் திருப்பி அனுப்பினேன். அவருடைய பிரமாண வாக்குமூலத்தை முதல் ஜாமீன் மனுவோடு சேர்த்திருந்தால் நீ முன்பே வெளியே வந்திருக்கலாம். வந்திருப்பாய் என்று எழுத எனக்கு ஆதாரமில்லை. வந்திருக்கலாம் என்பதே என்னை வதைக்கப் போதும்.

பல வாரங்கள் கழித்து உன்னை ஜாமீனில் எடுத்தேன். முற்றிய காமாலையோடு வந்தாய். ஒரு மாதம்கூட நீ தாங்கவில்லை.

உன் அடக்க ஆராதனையில் போதகர் ஆண்டவருடைய சித்தம் என்றார். ஆட்சேபிக்கிறேன் என்று என் வாய்வரை வந்தது. மரத்தை அறுத்தவர்கள், குனிந்து பாராதவர்கள், சாட்சியைத் திருப்பி அனுப்பியவன் என்று இத்தனை பேர் செய்ததற்கு ஆண்டவர் ஏன் கையெழுத்திட வேண்டும்? அன்று முதல் ஆலயத்தில் நான் வாய் திறந்து பாடியதில்லை. ஆனால் எழுந்து வெளியேறவும் முடியவில்லை. குற்றமற்றவராகச் சிலுவையில் தொங்கியவரைத்தானே அங்கே கும்பிடுகிறோம்? அவரும் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டார். அதையும் தம் தந்தையிடம்தான் கேட்டார்.

இன்று காலை கரியாலூருக்குப் போனேன். சின்னான் தம் சாமை வயலில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா வக்கீலய்யா?" என்றார். அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டேன். நேற்றிரவு இதுவரை எழுதிய இந்தக் காகிதத்தை விரித்துப் படித்துக் காட்டினேன். நான் அவரைத் திருப்பி அனுப்பிய பகுதிக்கு வந்தபோது நிறுத்தினேன்.

"நிறுத்தாதீங்க. அதயும் படிங்க" என்றார்.

படித்தேன்.

"தாசுதான் போயிட்டாரே. இது யாருக்குங்க?"

"அவன் பொண்டாட்டிக்கு. எனக்கு."

ரேகை வைக்கப் பெருவிரலை நீட்டினார்.

தம்பி, மூன்று வாக்குகள் தருகிறேன். செய்யவில்லை என்று சொல்லும் எவரையும் செய்ததாகச் சொல்லும்படி இனி நான் தூண்டமாட்டேன். அவருக்காக நடந்து வரும் சாட்சியைக் கேளாமல் அனுப்பமாட்டேன். மூன்றாவது, ஆண்டவரோடு நீ போட்ட சண்டையை நான் தொடர்வேன். விடை வராவிட்டாலும் அவரைவிட்டுப் போகமாட்டேன்.

உன் வழக்கைப் பற்றி மேலே கண்டவை யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, உன்னைத் தவிர.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஆ. சாமுவேல்
(ஒப்பம்)

சாட்சிகள்:
ரூத், தாசுவின் மனைவி (ஒப்பம்)
சின்னான், விவசாயி, கரியாலூர் (இடது கைப் பெருவிரல் ரேகை)