எதிர்முனைப் படகிலிருந்து நீ சொன்னது

மச்சான் ஏழுமலை, என் முரட்டுத் தங்கமே,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. திருப்போரூரில் உன் இன்ஜின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. சிறுசேரிப் பக்கம் வந்தால் உனக்கு வழியே தெரியாது, அத்தனை கண்ணாடிக் கட்டடம். உன் அக்கா நன்றாக இருக்கிறாள், என்னைத் திட்டத் தெம்பு இருக்கிறது. எனக்குத்தான் நாலு நாளாக இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

காரணம் உனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்தில் நடந்த அந்தப் பாய்மரப் படகுப் போட்டி. ஆபீசில் ஃபைல் தள்ளுகிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தொப்பி போட்டால் கலெக்டர் நினைப்பு. ஸ்டார்ட் கோட்டின் ஒரு முனையில் கமிட்டிப் படகில் நான், எதிர்முனையில் இன்ஜின் படகில் நீ, கையில் ஆளுக்கொரு வாக்கி டாக்கி. ஹாரன் அடிக்கும் நொடியில் எந்தப் படகின் மூக்காவது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று இரண்டு பேரும் பார்க்க வேண்டும். தாண்டியிருந்தால் நீலச் சிலுவைக் கொடி ஏறும். அந்தப் படகு திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். வராவிட்டால் அந்த ரேஸே அதற்கு இல்லை.

கடைசி ரேஸில் சுபா என்ற பெண்ணின் படகு கோட்டைத் தாண்டித் தெரிந்த மாதிரி இருந்தது. கொடியை ஏற்றச் சொல்லிவிட்டு உன்னைக் கேட்டேன். கேட்டுவிட்டல்லவா ஏற்ற வேண்டும்?

"அல மறச்சிகினு கீது மாமா, எனக்கு ஒண்ணும் தெர்ல. நீ இன்னாத்துக்கு அவசரப்பட்ற?" என்றாய்.

தான் தாண்டவில்லை என்ற நம்பிக்கையில் சுபா திரும்பவில்லை. முதல் ஆளாக வந்து சேர்ந்தாள். பட்டியலில் அவள் பெயர் கடைசியில் இருந்தது. தேசிய அணிக்குப் போக வேண்டியவள், போகவில்லை. அவள் புகார் கொடுக்க, அன்று சாயங்காலம் கடற்கரை ஷாமியானாவில் விசாரணை. "ரெண்டு முனையிலயும் பாத்தீங்களா?" என்று நடுவர் என்னைக் கேட்டார்.

"பாத்தோம் சார். ரெண்டு பேருமே பாத்தோம்."

ஏற்றிய கொடியைச் சந்தேகம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடுவார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இன்ஜின் படகுக்காரனை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நீ வெளியே கயிறு சுற்றிக்கொண்டிருந்தாய். நான் சொன்னது உனக்குக் கேட்டது.

அதன் பிறகு நீ ஒரு போட்டிக்கும் வரவில்லை. பொங்கலுக்கு வந்தாய், என் ஸ்கூட்டரைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தாய், அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அக்கா புருஷனைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று உள்ளூர நிம்மதியாகவும் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது ஏழுமலை.

போன ஞாயிறு மறுபடி போட்டி. சுபா இப்போது சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், லீவு நாளில் நடுவர். யாரோ ஒருவர் கொடுத்த புகாரை விசாரிக்க மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், பதில் சொல்ல இந்தப் பக்கம் நான். "ரெண்டு முனையிலயும் பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

"இன்னிக்குப் பாத்தோம்மா," என்றேன். என் வாயில் அப்படித்தான் வந்தது.

எல்லாரும் போன பிறகு அவளிடம் சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டாள்.

"தெரியும் சார். உங்க மச்சான் மறுநாளே எங்க வூட்டுக்கு வந்தாரு. மேல எழுதிப் போடுங்க, சாட்சிக்கு நான் வரேன்னாரு. எங்கப்பாதான், 'உங்க அக்கா வாழ்க்க கீதுப்பா, வேணாம்'னு அனுப்பிட்டாரு."

ஏன்டா என்னிடம் சொல்லவில்லை? நானே போய்ச் சொல்வேன் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? கடைசிப் பொங்கலிலும் பார்த்தாயா?

"மன்னிச்சிடும்மா," என்றேன்.

"மன்னிப்ப வெச்சிகினு நான் இன்னா சார் பண்றது? எனக்கு அந்த ரேஸ் வேணும்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

போட்டி நடத்துகிற சங்கத்துக்குக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். முதலில் உன் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதுதான் பெரிய விசாரணை. பழைய முடிவை மாற்ற முடியாது என்று சங்கத்தில் சொல்லலாம். ஊர் சிரிக்கலாம். சிரிக்கட்டும் என்றுதான் இதையும் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நாளைக் காலையில் அது தபாலில் போய்விடும், இது உன்மேல் சத்தியம். சாட்சி என்ற இடத்தில் உன் பெயரை எழுதி, அன்று நீ சொன்னதை நீ சொன்னபடியே எழுதியிருக்கிறேன். உன்னை உள்ளே கூப்பிட எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது மச்சான்.

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் மாமா கோதண்டம்