ஹாலே நகரத்துப் பெரிய மனிதர்கள்

நோர்பரி, லண்டன்
2 பெப்ரவரி 2025

அன்புள்ள பிறேமினிக்கு,

வட்ஸப்பில் என்னைத் தடுத்துவிட்டீர். ஆகவே தபால்காரருக்கு வேலை கொடுக்கிறேன்.

எங்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவில் என்னைப் பேசக் கேட்டிருக்கிறார்கள். “அண்ணை, நீங்கள் ஜேர்மனியிலை இருந்த ஊரைப் பற்றிச் சொல்லுங்கோ” என்கிறார் தலைவர் சண்முகராசா. உம்மோடு ஹாலேயில் அத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரிந்தது பீட்சாக் கடையின் பின்கதவுதான். அவ்வூர்ப் பெரிய மனிதர்களைப் பற்றி விசாரித்து எழுதும்.

ஈஸ்டருக்கு வந்து உம்மை இங்கே கூட்டிவருவேன் என்றது நினைவில் இருக்கிறது.

உம்முடைய
பாலேந்திரா


ஹாலே, ஜேர்மனி
19 பெப்ரவரி

அன்பின் அத்தானுக்கு,

விசாரித்தேன். ஹாண்டெல் என்ற இசைமேதை இங்கே பிறந்தவர். லண்டனுக்குப் போய், அந்நாட்டுக் குடியுரிமை எடுத்து, அங்கேயே அடக்கமானார். கலியாணம் கட்டவில்லை. அந்த அளவில் நல்ல மனிதர்.

சீகன்பால்கு இங்கே படித்து, தரங்கம்பாடிக்குப் போய், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பிவந்து, கலியாணம் கட்டி, மனைவியைக் கையோடு கப்பலேற்றிக்கொண்டு போனார். அக்காலத்தில் அதற்கு மாதக்கணக்கு ஆகும். நீங்கள் காலையில் விமானம் ஏறினால் பின்னேரம் இங்கே நிற்கலாம்.

முதியோர் இல்லத்தில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். பெட்டியும் கட்டியாயிற்று. ஒவ்வொரு ஈஸ்டரும் இப்படித்தான் போகிறது. இம்முறையும் வராவிட்டால், இனி நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
பிறேமினி


நோர்பரி
27 ஏப்ரல்

அன்புள்ள பிறேமினிக்கு,

ஈஸ்டர் ஞாயிறன்றுதான் மண்டபம் கிடைத்தது. அதனால் வர ஏலவில்லை. ஆனால் பேச்சு மிகச் சிறப்பு.

ஒரு சிறு பிழை. அழைப்பிதழில் ‘லே’யின் கொம்பு போய்ப் புள்ளி வந்து, ‘ஹால் பெருமக்கள்’ என்று அச்சாகிவிட்டது. கலியாண ஹால் நடத்தும் மூன்று பேர், கோட்டும் சூட்டுமாகக் குடும்பத்தோடு முன்வரிசையில் வந்து இருந்துவிட்டார்கள். தலைவர் பதறாமல் மூவருக்கும் பொன்னாடை போர்த்தினார். ஹாண்டெல் லண்டனுக்கு வந்து பெயரெடுத்தார் என்று நான் சொன்னதும், அந்த மூவரில் வெம்பிளிக்காரர் எழும்பினார்.

“தம்பி, அவரின்ரை ஹாலிலை எத்தினை பேர் இருக்கலாம்? கார் விட இடம் இருக்கோ?”

சீகன்பால்குவுக்கு நேரம் கிடைக்கவில்லை. சாப்பாடு வந்துவிட்டது.

கோபிக்கவேண்டாம். ஒக்டோபரில் கட்டாயம் வருவேன்.

உம்முடைய
பாலேந்திரா


ஹாலே
16 மே

அத்தானுக்கு,

பேச்சு நன்றாகப் போனது சந்தோஷம்.

வேலையைத் திருப்பிக் கேட்டேன். என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. இரவு ஷிப்டுதான் மிச்சம் என்றார்கள். எடுத்துக்கொண்டேன். பெட்டியில் இருந்ததையெல்லாம் திரும்ப அலுமாரியில் அடுக்கிவிட்டேன்.

வீட்டுப் பூட்டு பழுதாகி, போன கிழமை புதிது வாங்கினேன். எத்தனை சாவி வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்று என்றேன். தெருவுக்கு வந்தபிறகுதான் உங்கள் நினைவு வந்தது.

திரும்பிப் போகவில்லை.

பிறேமினி