சத்தத்தாலதான் எண்டு எழுது

மரியே வாழ்க

ஊர்காவற்றுறை
14.9.1979

அன்புள்ள தம்பி எமிலியானுஸ் அறிய, அக்கா ஜசிந்தா எழுதிக்கொள்வது.

குவைத் வெக்கையில நீ சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுறன். இஞ்ச நாங்கள் இருக்கிறம். அத்தான் செத்து ஒரு மாசப் பூசை போன ஞாயிறு முடிஞ்சுது. உன்ர தந்தி கிடைச்சது. வர ஏலாமல் போச்சுதெண்டு மனசை உழப்பாதை. வந்தும் என்ன செய்யப்போறாய்? எங்களோட கதிரையில இருந்து சுவரைப் பாத்திருப்பாய்.

எனக்கு இன்னும் அழுகை வரேல்லை. செத்தவீட்டில மாமி என்னைப் பிடிச்சு உலுப்பி, வாய்விட்டு அழடி எண்டு கத்தினவ. ஏலேல்லை. கல்நெஞ்சுக்காரி எண்டு சந்தையில கதைக்கினமாம். கதைக்கட்டும், அவைக்கும் பொழுது போகவேணுமே. சமைக்கிறன், சாப்பிடுறன், நித்திரை கொள்ளுறன். விறைச்ச காலை ஊண்டி நடக்கிற மாதிரி இருக்கு, வேற ஒண்டுமில்லை.

இது எங்களைப் பெத்த அப்புவைப் பற்றின கடிதம். அவர் அண்டைக்குப் பிறகு தொழிலுக்குப் போகேல்லை. வள்ளம் கரையில கவிட்டபடி கிடக்கு. சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைச்சிட்டு எழும்பிறார். ஆள் பாதியாய்ப் போனார். உனக்கு எழுதிக் கேள், எஞ்சின் விசயத்தில தம்பி சொன்னால் பிழைக்காது எண்டு ஒவ்வொரு நாளும் நிண்டு அரியண்டம் தாறார். அவர் கேக்கச் சொன்னது ஒண்டுதான். அத்தான் வாடகைக்கு ஓடின கார் கடலுக்க போனது அந்த டிக் டிக் சத்தத்தாலயோ, இல்லாட்டி அக்சிலேற்றராலயோ?

சத்தத்தைப் பற்றி உனக்கு முந்தியே எழுதினனான். காலமை ஸ்ராட் பண்ணினவுடன டிக் டிக் எண்டு தட்டும், எஞ்சின் சூடாக அடங்கும். நீட்டுத் திருப்புளியை எஞ்சினில வைச்சு மற்றப் பக்கத்தைக் காதில வைச்சுக் கேக்கச் சொல்லி நீ எழுதினாய். சூட்டோட அடங்கினால் வால்வு இடைவெளிதான், பயமில்லை எண்டும் எழுதினாய். அத்தான் அப்பிடியே கேட்டுப் பாத்தவர். வேலணையில கராச் வைச்சிருக்கிற சிவகுரு அண்ணையும் இடைவெளியைச் சரிப்பண்ணி விட்டவர். ரெண்டு கிழமையால திரும்பவும் தட்டத் துவங்கிச்சு. ஹயருக்கு ஏறின சனம், என்ன வின்சன்ற், மணிக்கூட்டையும் சேத்தோ ஓட்டுறீர் எண்டு பகிடி பண்ணுவினம். மனிசனுக்கு அது பெரிய மானக்கேடு. எந்த நேரமும் அந்தச் சத்தத்திலதான் காது.

அக்சிலேற்றரை ஒருத்தரும் பெரிசாய்க் கவனிக்கேல்லை. பண்ணைப் பாலத்தால போய்வரேக்க சோளகக் காத்துக்குக் கடல்தண்ணி றோட்டில அடிக்கும், உனக்குத் தெரியும். உப்புப் பட்டு அதின்ர கேபிள் இறுகிப் போச்சு. காலை எடுத்தாலும் எஞ்சின் கொஞ்சநேரம் உறுமிப்போட்டுத்தான் இறங்கும். மண்ணெண்ணெயில கழுவி மெல்லிய ஒயில் விடச் சொல்லி நீ எழுதினாய். அத்தான் இண்டைக்கு நாளைக்கு எண்டு திரிஞ்சார். ஒருநாள் மத்தியானம் அவர் நித்திரையாய்க் கிடக்க, அப்பு தானே கேபிளைக் கழட்டி, வள்ளத்துக்குப் பூசுற சுறா எண்ணெயில ஊறவைச்சுப் பூட்டிப்போட்டார். உப்புக்கு அதை விட்டால் வேற மருந்தில்லை எண்டார். அவருக்கு வள்ளமும் ஒண்டுதான், காரும் ஒண்டுதான்.

முதல் கொஞ்ச நாள் கேபிள் வழுக்கிக்கொண்டு போச்சு. அத்தானுக்குச் சரியான புழுகம், ஒரே சிரிப்பு. மாமா கெட்டிக்காரன் எண்டு அவருக்கு ஒரு போத்தல் சாராயமும் வாங்கிக் குடுத்தவர். சுறா எண்ணெய் காய்ஞ்சால் பலகையில தோல் மாதிரி இறுகும் எண்டது கரையில பிறந்த எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதுக்குத்தானே வள்ளத்துக்குப் பூசுறது. எண்டாலும் ஒருத்தருக்கும் அது மூளையில படேல்லையே, தம்பி.

அண்டைக்கு ரவுண் ஸ்ரேசனில கோச்சியால இறங்கிற ஆக்களை ஏத்தத் தனியத்தான் போனவர். நேரமாச்சுதெண்டு பண்ணையில அமத்தி ஓடியிருக்கிறார். எதிரால பஸ் வந்திருக்கு. காலை எடுத்தும் எஞ்சின் குறையேல்லை. பிறேக் பிடிச்சு ரயர் புகைஞ்சது, எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டே வந்தது எண்டு பஸ்காரன் சொன்னான். பஸ்ஸில மோதாமல் பக்கத்தால வெட்டிக் கல்லுக்கு மேலால கடலுக்க விட்டிட்டார். நெஞ்சளவு தண்ணிதான். தலை முன்கண்ணாடியில அடிபட்டிட்டுது. திறப்பைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டியிருக்கலாமே எண்டு நீ யோசிப்பாய். நானும் யோசிச்சனான். அந்த நேரத்தில ரெண்டு காலும் பிறேக்கிலதான் நிக்கும், கைக்கு ஒண்டும் தோணாது எண்டு சிவகுரு அண்ணை சொன்னார்.

காரை இழுத்துக்கொண்டு போய் அவற்ற கராச்சிலதான் விட்டது. அவர் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டுக் கேபிளைக் காட்டினார். உள்ளுக்குப் பிசினாய் இறுகி, இழுக்க இழுக்க அசையேல்லை. மீன் மணம் அடிச்சுது. அப்பு வெளியில பூவரசுக்குக் கீழ நிண்டவர். அதை எரிச்சுப்போடுங்கோ அண்ணை எண்டு சொன்னன். அவரும் எரிச்சுப்போட்டு, உப்புத் தண்ணிக்க கிடந்த சாமான், ஒண்டும் கண்டுபிடிக்க ஏலாது எண்டு அப்புவுக்குச் சொல்லிவிட்டார். அப்பு நம்பேல்லை.

நேற்றுச் சோறு குடுக்கப் போனன். சோத்துக் கோப்பையை வாங்காமல், "பிள்ளை, என்ர எண்ணெயோ?" எண்டு கேட்டார். விசர்க்கதை கதையாதேங்கோ எண்டுபோட்டுக் குசினிக்குள்ள வந்திட்டன்.

அவரில எனக்குக் கோவமோ எண்டால், தெரியாது. அவர் இருமினால் எழும்பி அங்கால போயிடுறன். முகத்தைப் பாக்கிறேல்லை. அம்மா செத்தபிறகு எங்கள் ரெண்டு பேருக்கும் தலை வாரி இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பின மனிசன். இப்பிடியே விட்டால் அவரும் போயிடுவார், தம்பி. இன்னொரு செத்தவீட்டுக்கு எனக்குச் சத்தில்லை.

ஆனபடியால் அப்புவுக்கெண்டு வேறயாய் ஒரு கடிதம் எழுது. அந்தச் சத்தத்தாலதான் எண்டு எழுது. வால்வு உடைஞ்சதோ, உள்ளுக்கு என்ன கழண்டதோ, நீதான் மெக்கானிக், நீயே பார். வள்ள எஞ்சினோட கிடந்த ஆள், லேசில ஏமாறமாட்டார். கேபிளைப் பற்றி எழுதாமல் விட்டால் சந்தேகப்படுவார். கேபிள் நல்லாய் இருந்திருக்கவேணும், எண்ணெய் விட்டபடியால்தான் அவ்வளவு நாளும் ஓடினது எண்டு ஒரு வரி போடு. இந்தக் கடிதத்தை வாசிச்சவுடன கிழிச்சுப்போடு.

வெயிலுக்க வெறுந்தலையோட வேலை செய்யாதை. வேளைக்குச் சாப்பிடு. அந்தோனியார் உனக்குத் துணை நிப்பார்.

அப்புவுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் வாசிச்சுக் காட்டவேணும். அதாலை வடிவாய் யோசிச்சு, நானும் நம்பக்கூடிய மாதிரி எழுது ராசா.

இப்படிக்கு,
உன் அக்கா
ஜசிந்தா வின்சன்ற்