என் கையெழுத்தில் உன் பெயர்

டாலிகஞ்ச்,
ஆகஸ்ட் 24

வைஜெயந்திக்கு நஜ்மா எழுதுவது.

நீ என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். அதனால், விடுமுறை முடிந்து சீனாவுக்குத் திரும்பும் கார்த்திகாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சுகம் விசாரிக்க எழுதவில்லை.

இங்கே பக்கத்து ஊர் சிப்பிகாட்டைச் சேர்ந்த கார்த்திகா, அங்கே நம் மெடிக்கல் காலேஜில் இரண்டாம் வருடம் படிப்பவள், போன வாரம் எங்கள் ஹார்டுவேர் கடைக்குக் குழாய் வாங்க வந்தாள். கையில் ஒரு ஜெராக்ஸ் புத்தகம். "வைஜெயந்தி அக்கா எழுதினதுக்கா. இதை மனப்பாடமா ரட்டா அடிச்சாப் போதும், சைனீஸ் பரீட்சை பக்கா பாஸ். சப் லோக், எல்லாருமே இதைத்தான் படிக்கிறாங்க" என்றாள். வாங்கிப் புரட்டினேன். அட்டையில் உன் பெயர். உள்ளே முழுக்க என் கையெழுத்து.

அறை மாறும்போது தொலைந்துவிட்டது என்று சொன்னாயே, அந்த நோட்டுதான்.

மருத்துவத்துக்கான சீனச் சொற்களைச் சேர்த்த இரண்டு வருட உழைப்பு அது. மெஸ்ஸில் நூடுல்ஸ் போடும் அம்மாளிடம் தினமும் நாலு சொல் சொல்வேன். உச்சரிப்பு சரியென்று அவர் தலையாட்டிய பிறகே நோட்டில் ஏறும். சீனத்தில் உடல் உறுப்புச் சொற்களின் ஓரத்தில் ஏணி போல ஓர் எழுத்து நிற்கும், ஏணியைக் கண்டால் உடம்பு என்று நினைத்துக்கொள் என உனக்குச் சொன்னேன். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சிரித்தாய். இப்போது அதையே ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்துக் கைதட்டல் வாங்குகிறாயாம்.

வாப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது நோட்டை உன்னிடம் விட்டுவிட்டு ஒரே பையோடு ஓடிவந்தேன். அவருக்கு வலது கை இன்னும் எழவில்லை. கடையில் நான்தான் உட்காருகிறேன். உம்மாவிடம் நோட்டு தொலைந்த கதையைச் சொன்னபோது, "பாவம், அந்தப் புள்ள வேணும்னேவா செஞ்சிருக்கும்?" என்றார்கள். அவர்களிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேள். வாப்பா விழுந்த சேதி வந்த அன்று எழுதிய பக்கத்தில் 'பியென்மி'க்கு வயிற்றுப்போக்கு என்றும், 'ஃபுஷியே'க்கு மலச்சிக்கல் என்றும் மாற்றி எழுதிவிட்டேன். ஜெராக்ஸிலும் அப்படியே இருக்கிறது. நீ படிக்கவே இல்லை, திருட மட்டும் செய்திருக்கிறாய். அதை நம்பி யாராவது பேதியாகும் நோயாளிக்குப் பேதி மாத்திரை கொடுத்தால்?

இது கிடைத்த மறுநாளே வகுப்பில் நின்று அந்த இரண்டு சொல்லையும் திருத்து. யார் எழுதியது என்று கேட்டால், உன் இஷ்டம்.

உன் கையால் ஒரு நோயாளிக்கும் கெடுதல் வரக்கூடாது என்று துஆ செய்கிறேன். உனக்காக அல்ல. அந்த வார்டில் நான் நின்றிருக்க வேண்டியவள்.

நஜ்மா